ஏழாம் கேள்விக்கு வந்த பதில்

திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மதுரைவீரனின் கணினித் திரை தக்காளிக் கூடையைக் கவிழ்த்தது போல் சிவந்து கிடந்தது.

சாதாரணமாக அந்தத் திரையில் ஒரு நாளைக்கு நாலைந்து சிவப்பு வரிகள் விழும். அவற்றைச் சரிசெய்துவிட்டு மதுரைவீரன் மீதி நேரத்தில் மேற்பார்வை பார்ப்பார். இன்று அரை நாளுக்குள் நூற்றெட்டு.

"செபமாலையம்மா, கொஞ்சம் இங்கிட்டு வாங்க."

ஆறு டைப்பிஸ்டுகளில் மூத்தவரான செபமாலை ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு வந்தார். திரையைப் பார்த்தார். நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

சிவப்பு என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அது தெரிந்துவிட்டால் மீதிக் கதை தானாக நடக்கும்.

புதுக்கோட்டை டயர் கடை ஒன்றின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தின் வேலை, கையால் எழுதிய படிவங்களைக் கணினியில் ஏற்றுவது. ஏற்றும்போது பிழை வராமல் இருக்க ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. ஒரே படிவம் ஒரே சமயத்தில் இரண்டு பேர் திரையில் வரும். இருவரும் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கணினி அதைச் சரியென்று எடுத்துக்கொண்டு, பச்சையாக்கி, அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிடும். மாறியிருந்தால் சிவப்பாக்கி மேற்பார்வையாளரிடம் தள்ளும். கணினிக்குக் கையெழுத்துப் படிக்கத் தெரியாது. இரண்டு பேர் ஒத்துப்போகிறார்களா என்று மட்டும்தான் அது பார்க்கும். முன்பின் தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே தவறை ஒரே நேரத்தில் எப்படிச் செய்ய முடியும்? இந்த நம்பிக்கையில்தான் உலகத்தில் பாதி டேட்டா என்ட்ரி நடக்கிறது.

மதுரைவீரனின் அலுவலகத்தில் இரண்டு வாரமாகப் பொருத்தம் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கியதில்லை. திருச்சி அலுவலகத்தில்கூட எண்பத்தெட்டுதான். இன்று காலை நிலவரம் எழுபத்தொன்று.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து அதிகாரி வருகிறார். அன்றைக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் வேலை மொத்தமும் திருச்சிக்குப் போய்விடும். மாடி பூட்டப்படும். மதுரைவீரன் பொன்னமராவதிக்குப் போய் மச்சினர் மலையாண்டியின் உரக்கடையில் உட்கார வேண்டும். மலையாண்டி ஏற்கெனவே அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். வாங்கியதை போட்டோ எடுத்தும் அனுப்பியிருந்தார்.

இத்தனைக்கும் அதிகாரி வருகைக்காக மதுரைவீரன் ஒரு குறையும் வைக்கவில்லை. அதிகாரியை எங்கே உட்கார வைப்பது என்ற யோசனையில், சனிக்கிழமை மலையாண்டி வீட்டு சோபாவை இரவல் வாங்கி வந்திருந்தார். மூன்று பேர் அமரும் சோபா. மாடிப்படியில் திரும்பவில்லை. டயர் கடைக்காரர்கள் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்கள். அதற்கு இடம் வேண்டியிருந்ததால், அறைக்கு நடுவே இருந்த ஸ்கேனரையும் அதை இயக்கும் ரமீஜாவையும் மட்டும் நடைக்கோடியில் இருந்த சாமான் அறைக்கு மாற்றினார்.

ரமீஜா கட்டுமாவடிக்காரப் பெண். அவளுடைய அத்தா ஷேக் தாவூது அங்கே படகுத்துறையில் ஏலம் கூறுபவர். அதனாலோ என்னவோ, மகளுக்கும் வாய் சும்மா இருக்காது. ஸ்கேனரில் ஒவ்வொரு தாளாக வைக்கும்போது ஏதோ ஒரு வார்த்தையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் டைப்பிஸ்ட் அல்ல. அவளை இடம் மாற்றுவதால் டைப்படிக்கும் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று மதுரைவீரன் கணித்தது நியாயமான கணிப்புதான்.

இப்போது காரணம் தேட வேண்டியிருந்தது. கண் முன்னால் இருந்த காரணம் ஹெட்போன். ஆறு பேர் தலையிலும் ஆறு ஹெட்போன்.

"பாட்டக் கேட்டுக்கிட்டே அடிச்சா எப்படிங்க பொருந்தும்? இனிமே ஆபீஸ்ல யாரும் எதுவும் கேக்கக் கூடாது" என்றார் மதுரைவீரன். பிளாஸ்டிக் கூடை ஒன்றில் ஆறு ஹெட்போன்களையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். அசாருதீன் மட்டும் தன்னுடையதைக் கொடுக்கும்போது தயங்கினான். அது இல்லாமல் தலை குளிர்கிறது என்றான்.

செவ்வாய்க்கிழமை யார் காதிலும் ஒன்றும் இல்லை. காது திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் பேச ஆரம்பித்துவிடுவார் என்பது இயற்கை விதி. அசாருதீனின் அக்கா மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை மாறிய விஷயம் காலையில் தொடங்கி, நாஜியா வீட்டு மாவாட்டும் எந்திரம் மக்கர் செய்வதில் நுழைந்து, கீழே டயர் கடையில் நடந்த சண்டையில் போய் முடிந்தது. பொருத்தம் அறுபத்திரண்டு.

சாயங்காலம் மதுரைவீரன் கூடையைத் திருப்பிக் கொடுத்தார். ஹெட்போன் குற்றவாளி இல்லை, மருந்து என்று அவருக்கு இப்போது பட்டது. அப்படியென்றால் அதில் என்ன கேட்டார்கள்? அதைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் சரியான அளவில் கொடுத்துவிட்டால் போதும்.

கண்டுபிடிப்பது சுலபம் என்பதுதான் வேடிக்கை. ஏனென்றால் அவர்கள் ஏற்றிக்கொண்டிருந்த படிவங்களே அதைப் பற்றியவைதான்.

ஹெட்போன் தயாரிக்கும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று, கணினியில் வேலை செய்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாக ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. முதலில் இணையத்தில்தான் கேட்டார்கள். எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் முதல் பதிலையே தட்டிவிட்டுப் போனார்கள். அதனால் தாளில் அச்சடித்து, ஜெராக்ஸ் கடை, கூட்டுறவுச் சங்கம், இ-சேவை மையம் என்று ஆள் விட்டு எழுதி வாங்கினார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் பதினோராயிரம் தாள். முதல் ஆறு கேள்விகளுக்கு டிக் அடித்தால் போதும். அதை ஸ்கேனரே படித்துவிடும். ஏழாவது கேள்விக்கு மட்டும் கையால் எழுத வேண்டும்: 'வேலை செய்யும்போது நீங்கள் விரும்பிக் கேட்பது யாரை?' இந்த ஏழாம் கட்டத்தைத்தான் ஆறு டைப்பிஸ்டுகளும் நாள் முழுதும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் எண் விழாது. எழுத்து மட்டும்தான். பெரும்பாலானவர்களின் கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போன தடம் மாதிரி இருக்கும்.

தன் ஊழியர்களும் கணினியில் வேலை செய்கிறவர்கள்தானே என்று மதுரைவீரன் அவர்களிடமும் அப்போதே படிவம் வாங்கியிருந்தார். அந்த ஆறு தாள்களையும் இப்போது கட்டிலிருந்து தேடி எடுத்தார். நாஜியா 'மழைச் சத்தம்' என்று எழுதியிருந்தாள். செபமாலை 'வயலின்'. அசாருதீன் 'ஆங்கிலச் செய்தி'. இன்னொருவர் 'வேலையே எனக்கு இசை' என்று எழுதியிருந்ததைப் படித்து மதுரைவீரனுக்குக் கண் கலங்கியது.

புதன்கிழமை காலை ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்து மழையில் தொடங்கினார். மழைச் சத்தம் வேலைக்கு நல்லது என்பதில் விஞ்ஞானம் இருக்கிறது. அதில் தடித்த ஒலியும் மெல்லிய ஒலியும் சம அளவில் கலந்திருப்பதால், கதவு அறைவது, யாரோ தும்முவது போன்ற தனித்தனிச் சத்தங்கள் அதற்குள் மூழ்கிவிடும். மனம் அலையாது.

மனம் அலையவில்லைதான். கால் அலைந்தது. முதல் இருபது நிமிடத்தில் கழிவறைக்கு வெளியே நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். கூட்டிப் பெருக்கும் காத்தாயி துடைப்பத்தைப் போட்டுவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினாள். நாஜியா, வீட்டில் மிளகாய் காய்கிறது என்று போன் போட்டு மாமியாரை எழுப்பினாள்.

"நீங்கதானம்மா மழைன்னு எழுதியிருந்தீங்க" என்றார் மதுரைவீரன்.

"சும்மா எழுதினேன் சார். பக்கத்துல செபமாலைக்கா வயலின்னு எழுதினாங்க. அதுக்குக் கொறையா எழுத முடியுமா?"

வயலின் போட்டபோது செபமாலையே முதலில் தூங்கினார்.

மதியத்துக்குமேல் செய்தி. ஆங்கிலம் எல்லோருக்கும் ஒத்து வராது என்று தமிழ்ச் செய்தி போட்டார். இங்கேதான் மதுரைவீரன் டைப்படிப்பவர்களைப் பற்றி ஒரு முக்கியமான உண்மையைத் தெரிந்துகொண்டார். தேர்ந்த டைப்பிஸ்டுக்கு மூளை வழியில் நிற்காது. கண்ணில் பட்டதோ காதில் விழுந்ததோ நேராக விரலுக்குப் போய்விடும். படிக்க முடியாத கையெழுத்தும் காதில் தெளிவான குரலும் ஒரே நேரத்தில் வந்தால் விரல் எதை எடுக்கும்? ஏழாம் கட்டத்தில், விரும்பிக் கேட்பது யாரை என்ற கேள்விக்கு, செபமாலை 'வங்கக் கடலில்' என்று அடித்திருந்தார். அவருடைய ஜோடியான நாஜியா அதே படிவத்துக்கு 'லேசான முதல் மிதமான' என்று அடித்திருந்தாள். செய்தி வேகமாகப் போகிறதல்லவா, ஆளுக்கொரு துண்டைப் பிடித்திருந்தார்கள்.

"என்னங்க அடிச்சிருக்கீங்க இது?" என்று கேட்டார்.

செபமாலை எட்டிப் பார்த்தார். "நானா அடிச்சேன்? எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அடிச்சிக்கிட்டுல்ல இருந்தேன்."

பொருத்தம் முப்பத்தெட்டு. மலையாண்டி போன் செய்தார். சோபாவில் யாராவது காலைத் தூக்கி வைக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, நாற்காலியைக் கல்லாவுக்கு எந்தப் பக்கம் போடுவது, வலமா இடமா என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை மதுரைவீரன் ஸ்பீக்கரைக் கழற்ற மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். அங்கே இருட்டில் ஒரு வயர் முகத்தில் தட்டியது. பிடித்துப் பார்த்தார். ஹெட்போன் வயர். அதன் முனை எதிலும் சொருகப்படாமல் சும்மா தொங்கியது. அடுத்த மேசைக்கு அடியில் போனார். அங்கேயும் தொங்கியது. மூன்றாவது மேசைக்காலில் அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. அசாருதீனுடையதற்கு முனையே இல்லை. அறுந்த இடத்தில் செல்லோடேப் சுற்றியிருந்தது.

மேசைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அவர் கேட்டார். "இம்புட்டு நாளும் ஒருத்தருமே ஒண்ணுமே கேக்கலையா?"

 செபமாலைதான் பேசினார்.

"ஹெட்போன் மாட்டியிருந்தா யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க சார். அதுக்குத்தான்."

"அப்ப என்னத்தத்தான் கேட்டுக்கிட்டு வேலை பாத்தீங்க?"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியொரு கேள்வியை அவர்கள் தங்களிடமே கேட்டுக்கொண்டதில்லை.

"ரமீஜா எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கும் சார்" என்றான் அசாருதீன் மெதுவாக. "ஒரு தாளு வைக்கும், ஒரு வார்த்தை சொல்லும். அது காதுல விழும். கை பாட்டுக்குப் போகும்."

"ஆமா சார். அது சொன்னா எனக்குக் கையெழுத்தெல்லாம் தன்னால புரியும்" என்றாள் நாஜியா.

மதுரைவீரன் எழுந்திருக்க முயன்று மேசையில் தலையை இடித்துக்கொண்டார். வலி தெரியவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு தாள், ஒரு வார்த்தை. ஸ்கேனரில் வைக்கும் தாளை அந்தப் பெண் படித்துப் படித்து வைத்திருக்கிறாள். யாராலும் படிக்க முடியாத கையெழுத்தையும் அவள் படித்திருக்கிறாள். செய்தி வாசிப்பவர் போல ஓடாமல், தாளுக்கு ஒன்றாக நிறுத்திச் சொன்னதால் ஜோடிகள் பிசகாமல் ஒத்துப்போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெண்ணை ஒரு சோபாவுக்காகச் சாமான் அறையில் தண்ணீர் கேன்களுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

சோபாவை இறக்கலாம் என்று டயர் கடைக்குப் போய்க் கேட்டார். ஏற்றும்போதே கயிறு அறுந்துவிட்டதாகவும், இறக்குவதென்றால் பால்கனிக் கம்பியை அறுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஸ்கேனரைத் திருப்பிக் கொண்டுவர இடம் இல்லை. ஆனால் குரலைக் கொண்டுவர இடம் தேவையில்லை. மதுரைவீரன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிக் கடையில் சட்டையில் குத்தும் மைக் ஒன்றும், ஒரு வழியில் வருவதை ஆறாகப் பிரிக்கும் பெட்டி ஒன்றும் வாங்கினார். இந்தப் பெட்டி வாய்க்கால் மடை மாதிரி. ஒரே ஒலியை ஆறு ஹெட்போனுக்கும் பங்கிட்டு விடும், வெளியே ஒரு சொட்டும் சிந்தாது. அதிகாரி வரும்போது அலுவலகம் அமைதியாக இருக்க வேண்டும் அல்லவா? அசாருதீனின் ஹெட்போனுக்குப் புது முனை போட்டார்கள். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் முதல்முறையாக ஆறு ஹெட்போன்களும் ஏதோ ஒன்றில் சொருகப்பட்டன.

சாமான் அறையில் ரமீஜா மைக்கைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அவளிடம் மட்டும்தான் மதுரைவீரன் ஹெட்போன் எதையும் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"நான் வாய்க்குள்ள சொல்றது தொந்தரவா இருக்குதா சார்? இனிமே சொல்லல சார்."

"அய்யோ, சொல்லணும்மா. நீங்க சொல்றதுலதான் இந்த ஆபீசே ஓடுது. எப்பவும்போல சொல்லிக்கிட்டே தாளை வைங்க."

"எதைச் சொல்லணும்?"

"வழக்கமா எதைச் சொல்லுவீங்களோ அதைத்தான்."

ரமீஜா மைக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், அது வந்து, தினமும் காலையில எங்க அத்தா போன்ல அன்னைக்கு ஏலத்துக்கு வந்த..."

"அத்தாகிட்ட நானே பேசுறேன்மா. ஒங்கள மாதிரி ஒரு பிள்ளையைப் பெத்ததுக்குப் பொன்னாடையே போர்த்தணும்" என்று சொல்லிவிட்டு மதுரைவீரன் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். அறிஞர்கள் தன்னடக்கமாகப் பேச ஆரம்பித்தால் வளர விடக்கூடாது என்பது அவர் கொள்கை.

அரை மணி நேரத்தில் திரையில் சிவப்பு நின்றது. பொருந்தியவை பச்சையாகிப் பச்சையாகி மறைந்தன. ஐந்து மணிக்கு எண் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. மதுரைவீரன் தன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஆறு தலைகள் ஒரே தாளத்தில் அசைவதை வெகுநேரம் பார்த்தார். பன்னிரண்டு கைகளும் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே சமயத்தில் விழுந்தன. தாம்பரத்தில் ரயில் போவது மாதிரி ஒரு சத்தம்.

வெள்ளிக்கிழமை அதிகாரி அன்புமொழி வந்தார். முப்பது வயதிருக்கும். கையில் மடிக்கணினி, பேச்சில் கோவை. சோபாவில் உட்காராமல் நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றார். தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. திருச்சியில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றார்.

மதியச் சாப்பாட்டில்தான் சிறு சங்கடம் வந்தது. ரமீஜாவைக் கௌரவிக்கும் விதமாக மதுரைவீரன் கட்டுமாவடி மீன் வரவழைத்து, குழம்பு வைக்கச் சொல்லியிருந்தார். மூடியைத் திறந்ததும் அன்புமொழி நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்தினார்.

"நான் சுத்த சைவமுங்க. எங்க பரம்பரையிலயே யாரும் தொட்டதில்ல. மீன்ல என்ன ஜாதி, என்ன பேருன்னுகூட எங்களுக்குத் தெரியாதுங்க."

தயிர்சாதம் வந்தது. மீன்குழம்பு பாத்திரத்தோடு காத்தாயியிடம் போனது. ஏழு நாளைக்குச் சூடு பண்ணித் தின்னலாம் என்று அவள் அதிகாரியை மனதார வாழ்த்தினாள்.

மூன்று மணிக்கு அன்புமொழி எல்லோரையும் கூப்பிட்டார். ரமீஜாவும் சாமான் அறையிலிருந்து வந்து கடைசியில் நின்றாள்.

இதுவரை அனுப்பிய ஒன்பதாயிரம் படிவங்களைக் கம்பெனியில் அலசிப் பார்த்துவிட்டதாக அன்புமொழி சொன்னார். மற்ற மாவட்டங்களில் ஏழாம் கேள்விக்கு ஆளுக்கொரு பதில். பழைய பாட்டு, புதுப் பாட்டு, பட்டிமன்றம் என்று கலைந்து கிடக்கிறது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. புதுக்கோட்டையில் மட்டும் அப்படியில்லை. மாவட்டமே ஒரே ரசனையில் இருக்கிறது. நாலே நாலு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எம்.டி. அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். அந்த நாலு பேரையும் விளம்பரத்துக்கு ஒப்பந்தம் செய்து, முதலிடத்தில் இருப்பவர் முகத்தைப் பெட்டியில் அச்சடிக்கப்போகிறார்கள்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலை உறுதிங்க" என்று கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார்.

மதுரைவீரன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செபமாலை இன்னொரு முறை சிலுவைக்குறி போட்டார். பொன்னமராவதியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஆளில்லாமல் போயிற்று. மலையாண்டிக்கு அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்தபடி, மதுரைவீரன் அதிகாரியை வழியனுப்ப மாடிப்படி வரை வந்தார்.

பாதிப் படி இறங்கிய அன்புமொழி நின்று, திரும்பி, கைப்பையிலிருந்து ஒரு சிறு காகிதத்தை எடுத்து விரித்தார்.

"ஒரே ஒரு உதவி செய்யோணுமுங்க. எந்த ஆப்லயும் தேடிப் பாத்துட்டோம், ஒரு பாட்டுகூட சிக்க மாட்டேங்குது. இந்தத் திருக்கை, காரல், வாவல், நெத்திலி, இவங்கெல்லாம் தனித்தனியாப் பாடறவங்களுங்களா, இல்ல நாலு பேரும் ஒரே குரூப்புங்களா?"